ஸ்கீயிங் பயணம்: ஆப் மழை என்கிறது, ஹோட்டல் ஐந்தடி பனி என்கிறது. எதை நம்புவது?

சேலத்துப்பொண்ணு:
அவசரம். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஸ்கீயிங் போகிறோம். ஆப்பில் எல்லா நாளும் 2 டிகிரி, மழை. இன்னொரு இணையதளத்தில் 45 செ.மீ. பனி. ஹோட்டலில் கேட்டால் "அஞ்சடி கிடக்கு மேடம், தைரியமா வாங்க" என்கிறார்கள். விமான டிக்கெட் தேதியை மாற்ற நாளை ராத்திரி வரைதான் நேரம். மாற்றலாமா, வேண்டாமா?

ஊர்சுற்றி:
எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே. அவ்லியா, குல்மார்க்கா, சோலாங்கா? எந்த ஆப்?

கோடைமலை:
தேதியும் வேண்டும். ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்களா, முதல் தடவையா? அதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும்.

வடகாற்று:
இடம், தேதி, உயரம் மூன்றும் இல்லாத வானிலைக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் இதையே எழுதுகிறேன். கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும்.

சேலத்துப்பொண்ணு:
காஷ்மீர் குல்மார்க்தான். பிப்ரவரி 11 முதல் 14. எல்லாருக்கும் முதல் தடவை. பசங்களுக்கு 9, 12 வயது. ஆப் போனோடு வந்தது.

ஊர்சுற்றி:
இப்போது புரிகிறது. அந்த மூவருமே பொய் சொல்லவில்லை, மூன்று வேறு உயரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். நீங்கள் தங்கப்போகும் குல்மார்க் 2,650. கொண்டோலா என்ற கேபிள் காரின் முதல் கட்டம் முடியும் கொங்டூரி 3,000-க்குக் கொஞ்சம் மேல். இரண்டாம் கட்டம் அஃபர்வட் சிகரத்துப் பக்கம் 3,900-ஐத் தாண்டிப் போகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஆப் காட்டும் 2 டிகிரி பள்ளத்தாக்குக்கு உரியது என்றால், குல்மார்க்கில் அது மைனஸ் 4. கீழே பெய்யும் அதே மழை அங்கே பனியாகத்தான் விழும்.

இன்னொன்று. வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்கள் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலில் சுமார் 13. குல்மார்க் கொண்டோலா ஓடும் மொத்தத் தூரமே 5 கி.மீ.தான் இருக்கும். அடிவாரமும் உச்சியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அதனால் உச்சி, நடு, அடிவாரம் என்று தனித்தனியாகக் காட்டும் தளத்தைப் பாருங்கள். அந்த 45 செ.மீ. உச்சிக்கா, அடிவாரத்துக்கா?

வடகாற்று:
ஆயிரத்துக்கு 6 என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கும். அப்போது ஸ்ரீநகர் உங்கள் கணக்கைவிடக் குளிராக இருக்கும், மேலே வித்தியாசம் குறைவாக இருக்கும். இது அடிப்படைப் பாடம்.

ஊர்சுற்றி:
உண்மைதான், ஆனால் அது தெளிவான இரவுக்கு. இங்கே பேச்சு மழை பெய்யும் நாளைப் பற்றி. மேகமும் காற்றும் இருக்கும்போது இந்தக் கணக்கு போதும்.

பழனியாண்டி:
இவ்வளவு கணக்கு எதற்கு? சில்லை கலான் என்று காஷ்மீரில் 40 நாள் உண்டு, டிசம்பர் 21-இல் தொடங்கும். அதில் விழுந்த பனி பிப்ரவரி முழுக்கத் தாங்கும். கவலைப்படாமல் போங்கம்மா.

கோடைமலை:
ஐயா, 2024 ஜனவரியில் அதே சில்லை கலானில் குல்மார்க் மண்ணாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதவில்லை என்று பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். காலண்டரை நம்பி டிக்கெட் போடக் கூடாது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்கத்திய இடையூறு என்ற மழைக்காற்று அமைப்பு வந்தால்தான் அங்கே பனி.

பழனியாண்டி:
ஒன்றிரண்டு வருஷத்தை வைத்துப் பேசாதீர்கள். இதற்குத்தான் அவ்லி நல்லது என்கிறேன். செயற்கைப் பனி இயந்திரமே இருக்கிறது.

கோடைமலை:
இயந்திரம் ஓடவும் குளிர் வேண்டும் ஐயா. 2023 ஜனவரியில், அவ்லிக்கு ரோப்வே கிளம்பும் ஜோஷிமட்டில் நிலம் இறங்கியபோது அவ்லி ரோப்வேயை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா?

பழனியாண்டி:
ரோட்டில் போகலாமே! குல்மார்க்கில் மட்டும் என்ன, காற்று அடித்தால் கொண்டோலா நிற்கிறது.

வடகாற்று:
அவ்லிக்குத் தனி இழை போடுங்கள்.

மலைச்சாரல்:
கேட்டவருக்கு ஒரு வார்த்தை. ஹோட்டல்காரர் சொன்ன ஐந்தடி, தரையில் கிடக்கும் ஆழம். தளம் சொல்வது புதிதாக விழப்போகும் பனி. இரண்டையும் ஒப்பிட முடியாது. அந்த ஐந்தடி ஹோட்டல் வாசலிலா, கொங்டூரியிலா என்று கேளுங்கள், முடிந்தால் இன்றைக்கு எடுத்த வீடியோ வாங்குங்கள். முதல் தடவை கற்றுக்கொள்பவர்களுக்கு வகுப்பு குல்மார்க் மைதானத்துச் சரிவில்தான் நடக்கும். அங்கே ஓரளவு அமுங்கிய பனி ஒன்றிரண்டு அடி இருந்தாலே போதும். மேலே எவ்வளவு கொட்டினாலும் உங்கள் பசங்களுக்கு அதில் வேலை இல்லை.

இந்திய வானிலைத் துறையின் ஸ்ரீநகர் மையம் தரும் அறிக்கையையும் பாருங்கள். அதில் "பரவலாக" என்றால் பலமாக என்று பொருளில்லை, அதிக இடங்களில் என்று பொருள். பலத்தைத் தனியாக லேசான, மிதமான, கனத்த என்று சொல்வார்கள். ஐந்து நாளுக்கு அப்பால் சென்டிமீட்டர் கணக்கை நம்பவே வேண்டாம். நாள் நெருங்க நெருங்க மாடல்கள் ஒன்றையே சொல்கின்றனவா என்று கவனியுங்கள்.

கனத்த பனி விழுந்தால் குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க்கிலிருந்து மேலே ஏற சங்கிலி கட்டிய வண்டி வேண்டும். பனி நின்ற மறுநாள் வெயில் அழகாக அடிக்கும், பனிச்சரிவு ஆபத்தும் அப்போதுதான் அதிகம். 2024 பிப்ரவரியில் பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். தயவுசெய்து பசங்களோடு ரோந்துக்காரர்கள் காட்டும் எல்லையைத் தாண்டாதீர்கள். நானாக இருந்தால் தேதியை மாற்ற மாட்டேன். போய்ச் சேரும் நாளை மட்டும் வகுப்பு வைக்காமல் காலியாக விடுவேன்.

சேலத்துப்பொண்ணு:
45 உச்சிக்குத்தான், அடிவாரத்துக்கு 18 போட்டிருக்கிறது. மாற்றவில்லை. நன்றி.

கோடைமலை:
போய் வந்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

சேலத்துப்பொண்ணு:
வந்துவிட்டோம். 12 முழுக்கப் பனி, ரோடு மூடியிருந்தது. 13, 14 வகுப்பு நடந்தது. இரண்டாம் கட்டம் காற்றால் திறக்கவில்லை.

நெல்லைராஜன்:
மார்ச் முதல் வாரம் போகிறோம், பனி இருக்குமா?

ஊர்சுற்றி:
எந்த ஊருக்கு?