டெயின்ஸ் பாரிங்டன்: நீதிபதியா, இயற்கை ஆய்வாளரா?

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)
செல்போர்ன் என்ற ஆங்கிலச் சிற்றூரின் இயற்கையைப் பற்றி கில்பர்ட் வைட் 1789 இல் வெளியிட்ட கடித நூலைப் படித்துவருகிறேன். அக்கடிதங்களிற் பலவற்றைப் பெற்ற டெயின்ஸ் பாரிங்டன் தொழிலால் நீதிபதி என்று அறிந்தேன். சட்டப் பயிற்சி அவருடைய இயற்கை ஆய்வைப் பாதித்ததா?

பதில் (அக்கரைப்பற்று)
சட்டத்தரணி என்ற முறையில், பாதித்தது என்றே சொல்வேன். வழக்கொழிந்தும் நீக்கப்படாமற் கிடந்த பழைய சட்டங்களைக் களைய வேண்டும் என்று 1766 இல் நூல் எழுதியவர் அவர் (அந்தக் கோரிக்கை நம் நாட்டுக்கும் பொருந்தும் என்பது வேறு விடயம்). வேல்சில் நீதிபதியாக இருந்த அவர் சாட்சியமின்றி எதையும் ஏற்பதில்லை. 1765 இல் இலண்டனுக்கு வந்திருந்த சிறுவன் மொசார்ட்டிடம் முன்பு பார்த்திராத இசைத்தாளைக் கொடுத்து வாசிக்கச் செய்தார்; காதற் பாட்டொன்றையும் சினப் பாட்டொன்றையும் அங்கேயே இயற்றும்படி கேட்டார். சிறுவன் அனைத்தையும் செய்து காட்டியும், தந்தை வயதைக் குறைத்துக் கூறுகிறாரோ என்ற ஐயம் தீராமையால், மொசார்ட்டின் ஊரான சால்ஸ்பேர்க்கிலிருந்து பிறப்புப் பதிவை வரவழைத்த பின்னரே ரோயல் சொசைட்டி என்ற இலண்டன் அறிவியற் கழகத்துக்கு அறிக்கை எழுதினார்.

பதில் (பொத்துவில்)
பறவைப் பாடலில் இந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. லின்னெட் குருவியின் குஞ்சுகளை வானம்பாடியிடம் வளரவிட்டால் அவை வானம்பாடியின் பாட்டையே பாடுகின்றன என்று 1773 இல் அவர் எழுதியது, குஞ்சுகள் கேட்டே கற்கின்றன என்பதற்கான தொடக்ககாலப் பரிசோதனைச் சான்றுகளுள் ஒன்று.

பறவைகள் பருவந்தோறும் இடம்பெயரும் வலசையில்தான் சறுக்கினார். கடலைக் கடந்த பறவைகளுக்கு நம்பத்தக்க சாட்சி இல்லை என்றார். செனகலுக்கு அருகே தம் கப்பலில் தகைவிலான்கள் வந்திறங்கியதாக அடன்சன் என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் எழுதியபோதும், அவை ஐரோப்பியத் தகைவிலான்களே அல்ல என்று தள்ளினார். மார்கழியில் எங்கள் மின்கம்பிகளில் அமர்ந்திருப்பவற்றைக் காட்டியிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். அவர் கேட்ட வகைச் சாட்சி 1912 இல்தான் கிடைத்தது: இங்கிலாந்தில் காலில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று தென்னாபிரிக்காவில் பிடிபட்டது.

பதில் (காரைதீவு)
வலசையை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது சரியாகாது. தினக்குறிப்புக்கென 1767 இல் அவர் ஓர் அச்சுப் படிவத்தை உருவாக்கினார். வெப்பநிலை, காற்று, மழை, முதலிற் பூத்த செடி, முதலில் வந்த பறவை என ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் இருந்தது. நீதிமன்றப் பதிவேட்டில் பழகியவருக்கே இது தோன்றும். 1768 முதல் 1793 இல் இறக்கும்வரை வைட் அந்தப் படிவத்தில்தான் எழுதிவந்தார். ஆகவே, தாங்கள் படிக்கும் நூலில் பறவைகளின் வருகைநாள்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பதில் பாரிங்டனுக்கும் பங்குண்டு.