கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், கழுகுமலை: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில தங்குறோம், கார் இருக்கு. அப்பாவுக்கு முட்டி வலி. எதை முதல்ல பார்க்கலாம்?

பதில் 1: அண்ணாச்சி, காலையிலேயே கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போயிருங்க. திருச்செந்தூர் ரோட்டுல பக்கம்தான். மதியம் நடை சாத்திருவாங்க. தூண் சிலைகளை நேரா மட்டும் பார்க்காம பக்கவாட்டுலயும் நின்னு பாருங்க. விரல் நகம், புடைச்ச நரம்பு வரைக்கும் ஒரே கல்லுல செதுக்கியிருக்கு. அப்படியே அதே ரோட்டுல ஆதிச்சநல்லூர், பழங்காலத்து ஆட்களைப் புதைச்ச இடம், இப்ப அங்க அருங்காட்சியகம் இருக்கு. தோண்டின குழிக்கு மேல கண்ணாடித் தளம் போட்டிருக்கு. இறந்தவங்களை வெச்சுப் புதைச்ச தாழிகள் கிடைச்ச இடத்துலயே இருக்கிறதைக் காலுக்குக் கீழே பார்க்கலாம். விடுமுறை நாளை மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கிடுங்க.

பதில் 2: கழுகுமலையை இதோட சேர்க்காதீங்க. அது கோவில்பட்டி பக்கம், எதிர்த்திசை. அங்க இருக்கிற வெட்டுவான் கோயிலுக்குப் பாறை ஏறணும், நிழல் கிடையாது, உச்சிவெயில்ல கால் பொத்துப்போயிரும். மேலிருந்து கீழாக் குடைஞ்ச கோயில். வேலை பாதியில நின்னதால விமானம் முழுசா இருக்கு, அடிப்பகுதி வெறும் பாறை. அப்பாவுக்கு ஏற்றம் கஷ்டம், அடிவாரத்து முருகன் குடைவரை போதும்.