கியர் ஏறுகிறது, இறங்க மறுக்கிறது: 105 ஆர்7000-இல் கேபிள் எங்கே பிடிக்கிறது?

நெடுஞ்சாலைக்காற்று கேட்டது:

அலுமினிய ஃபிரேம் ரோடு பைக். ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட், 2×11 (முன்னால் 2 வளையம், பின்னால் 11), கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) 11-30. இரண்டு கியர் கேபிளும் ஹெட் டியூப்புக்குப் பின்னால் டவுன் டியூப்புக்குள் நுழைந்து, பாட்டம் பிராக்கெட்டுக்கு (பி.பி., பெடல் அச்சு சுழலும் இடம்) அடியில் வெளியே வந்து, பிளாஸ்டிக் கைடு மேல் ஓடுகின்றன. பின் கேபிள் வலது செயின்ஸ்டேக்கு (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) அடியில் வெறும் கம்பியாகப் போய், கடைசி ஸ்டாப்பிலிருந்து (உறை ஃபிரேமில் முட்டி நிற்கும் இடம்) அவுட்டருக்குள், அதாவது வெளி உறைக்குள், நுழைந்து டீரெய்லருக்கு (செயினைப் பல் மாற்றும் கருவி) வருகிறது.

ஒரு கடையில் இன்னர் (உள் கம்பி), அவுட்டர் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகுதான் தொல்லை. பெரிய பல்லுக்கு (பெரிய பல்சக்கரம்) ஏறும்போது சுத்தமாக ஏறுகிறது. இறங்கும்போது லீவரைத் தட்டினால் செயின் ஒரு சுற்று யோசித்துவிட்டுத்தான் இறங்குகிறது, சில சமயம் இறங்குவதே இல்லை. கம்பியின் இழுவிசையைச் சரிசெய்யும் பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று தளர்த்தினால் இறக்கம் சரியாகிறது, ஏற்றம் கெடுகிறது. ஹேண்டில்பாரை நன்றாக இடப்பக்கம் திருப்பினால் செயின் தானாகவே அடுத்த பெரிய பல்லில் உரசுகிறது. டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கரை கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று, நேராக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பல்சக்கரம் பதில்:

பேரல் அட்ஜஸ்டரை இனி தொடாதீர்கள். ஏற்றத்துக்கு ஒரு இடம், இறக்கத்துக்கு வேறு இடம், இரண்டும் சேரும் இடமே இல்லை என்றால் அது இழுவிசைக் கோளாறு அல்ல, உராய்வு. ஏற்றும்போது கம்பியை இழுப்பது உங்கள் விரல். எவ்வளவு பிடித்தாலும் இழுத்துவிடும். இறக்கும்போது கம்பியைத் திரும்ப இழுக்க டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது. அதனால் வழியில் எங்கே பிடித்தாலும் முதலில் கெடுவது இறக்கம்தான்.

எவ்வளவு பிடித்தால் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 ஸ்பீட் ஷிமானோ ரோடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு சுமார் 2.7 மி.மீ. கம்பியை இழுக்கிறது. டீரெய்லர் அதை சுமார் 1.4 மடங்காக்கி நகர்கிறது. கம்பி அரை மி.மீ. திரும்பாமல் நின்றாலே செயின் 0.7 மி.மீ. தள்ளி நிற்கும். இரண்டு பல்லுக்கு இடைவெளியே 3.7 மி.மீ. சொச்சம்தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

இடத்தைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். பைக்கை ஸ்டாண்டில் மாட்டி, செயினைக் கேசட்டின் நடுவில் வைத்து பெடலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். மறு கையால் செயின்ஸ்டேக்கு அடியில் ஓடும் வெறும் கம்பியைப் பக்கவாட்டில் இழுங்கள். செயின் ஒரு பல் ஏறும். விடுங்கள். பட்டென்று இறங்கினால் அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் அவுட்டரும் டீரெய்லரும் நலம். கோளாறு முன்னால்: பி.பி. கைடு, டவுன் டியூப், ஹேண்டில்பார் பக்க அவுட்டர், ஷிஃப்டர், இவற்றில் ஒன்று. விட்ட பிறகும் தயங்கினால் பின் அவுட்டரில்தான் கோளாறு.

அடுத்தது இன்னும் நல்ல சோதனை. செயினைப் பெரிய பல்லில் ஏற்றி, பெடலை நிறுத்தி, சுற்றாமலே லீவரைக் கடைசி வரை இறக்கித் தட்டுங்கள். 10 கிளிக், அதாவது சுமார் 27 மி.மீ. தளர்வு கிடைக்கும். செயின்ஸ்டே ஸ்டாப்பில் பிளவு இருந்தால் அவுட்டரை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். அவுட்டரைக் கம்பி மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல ஓட வேண்டும். மணல் நறநறத்தால் அல்லது ஓரிடத்தில் தடங்கினால் அதை மாற்றிவிடுங்கள்.

சரிவுப்பாதை பதில்:

இடப்பக்கம் திருப்பினால் செயின் ஏறுகிறது என்பதை உராய்வோடு சேர்க்காதீர்கள். அது தனிக் கோளாறு. பாரை இடப்பக்கம் திருப்பும்போது வலது ஹூட் (லீவரின் ரப்பர் பிடி) முன்னால் போகிறது. வலது அவுட்டர் குட்டையாக இருந்தால் ஃபிரேம் ஸ்டாப்பிலிருந்து முனை நெம்பி வெளியே வரும், கம்பி இறுகும், டீரெய்லர் உள்ளே நகரும். பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி ஸ்டாப் அருகே விரலை வைத்துப் பாருங்கள். முனை அசைந்தால் அவுட்டர் நீளம் போதவில்லை.

வலது ஷிஃப்டர் அவுட்டர் எந்தப் பக்கத்து ஓட்டைக்குள் நுழைகிறது? வலது ஷிஃப்டரிலிருந்து வலது ஓட்டைக்கே போனால் வளைவு கூர்மையாகிவிடும், முக்கியமாகச் சிறிய ஃபிரேம்களில். ஹெட் டியூப்புக்கு முன்னால் சுற்றி இடது ஓட்டைக்கு விட்டால் வளைவு அகலமாகும், ஃபிரேம் பெயின்ட்டும் தேயாது. ஆனால் அப்படி விட்டால் டவுன் டியூப்புக்குள் இரண்டு இன்னரும் ஒரே ஒரு முறை பெருக்கல் குறி போலக் குறுக்கே கடக்க வேண்டும். அவுட்டரைக் குறுக்காக விடவில்லை என்றால் உள்ளேயும் கடக்கக் கூடாது. இரண்டு கம்பி ஒன்றை ஒன்று ஒரு முறை லேசாகத் தொட்டுக் கடப்பதால் ஒன்றும் ஆகாது. கயிறு போல முறுக்கிக்கொண்டால்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அவசரத்தில் போடும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

சோதனை: பி.பி. அடியில் இடது கம்பியை விரலால் சுண்டுங்கள். வலது கம்பியும் கூடவே அதிர்ந்தால் முறுக்கு இருக்கிறது.

நெடுஞ்சாலைக்காற்று:

பார்த்துவிட்டேன். செயின்ஸ்டே கம்பியை இழுத்து விட்டால் செயின் பட்டென்று இறங்குகிறது, ஆக, பின்பக்கம் நலம். வலது அவுட்டர் இடது ஓட்டைக்குத்தான் போகிறது. பாரைத் திருப்பும்போது முனை 2 மி.மீ. வெளியே வருகிறது. இடது கம்பியைச் சுண்டினால் வலதும் ஆடுகிறது. பி.பி. கைடைத் திருகைக் கழற்றிப் பார்த்தேன்: வலது காடியில் கம்பி அறுத்துத் தனிப் பள்ளமே போட்டிருக்கிறது, அதில் கறுப்புப் பசை.

பல்சக்கரம் பதில்:

கைடை மாற்றுங்கள், மலிவான பொருள். அந்தப் பசை பாட்டிலிலிருந்து ஒழுகும் சர்க்கரைத் தண்ணீரும் சாலைத் தூசியும் சேர்ந்தது. கம்பி புதுசு, பள்ளம் பழசு என்றால் உராய்வு போகாது. கைடைக் கழற்றியிருக்கும்போது ஓட்டை வழியே டார்ச் அடித்து உள்ளேயும் பார்த்துவிடுங்கள்.

புதுக் கம்பிக்கு வழக்கமான வழி: பழைய இன்னரை உருவும் முன், பி.பி. பக்கத்திலிருந்து அதன் மேல் மெல்லிய லைனர் குழாயை ஏற்றி, மேல் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் வரை தள்ளுங்கள். பிறகு பழைய இன்னரை உருவி, புது இன்னரை லைனருக்குள் விட்டு, கடைசியில் லைனரை எடுத்துவிடலாம்.

சரிவுப்பாதை பதில்:

பொறுங்கள், இந்தப் பைக்குக்கு அது கூடாது. லைனர் பழைய கம்பி போன வழியிலேயே போகும். பழைய கம்பி முறுக்கிக்கொண்டிருந்தால் புதுக் கம்பியும் அதே முறுக்கோடு வரும். கடையில் நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

இரண்டு கம்பியையும் உருவ வேண்டியதில்லை. முறுக்கை அவிழ்க்க ஒன்றை எடுத்தால் போதும். இடது இன்னரை அப்படியே இறுக்கமாக விடுங்கள். வலதை மட்டும் முழுக்க உருவுங்கள். பிறகு லைனரை பி.பி. பக்கத்திலிருந்து இடது கம்பியின் ஒரே பக்கமாக மேலே தள்ளுங்கள். பைக்கைத் தலைகீழாகத் திருப்பாமல், ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் லைனர் டியூப்பின் சுவரை ஒட்டியே ஏறும். எட்டவில்லை என்றால் காந்த முனை கொண்ட கம்பி இழுக்கும் கிட் உதவும், பார்க் டூலின் ஐ.ஆர்-1 மாதிரி. லைனர் மேலே வந்ததும் அதை ஆட்டிப் பாருங்கள், இடது கம்பி கூடவே ஆடக் கூடாது. ஆடினால் வெளியே எடுத்து மறுபடி. இந்த இடத்தில் பத்து நிமிடம் செலவழிப்பதில் தவறே இல்லை.

அவுட்டர் விஷயம். வலது அவுட்டரைப் புதிதாக வெட்டுங்கள், பழசை விடக் குறைந்தது 15 மி.மீ. நீளமாக. பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே கடைசி வெட்டு. வெட்டும்போது:

– உள்ளே ஒரு பழைய இன்னர் துண்டை நுழைத்துக்கொண்டு வெட்டினால் அவுட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் நசுங்காது. சாதாரண கட்டிங் பிளேயர் வேண்டாம், கேபிள் கட்டர்தான்.
– வெட்டிய முகத்தை அரத்தில் தட்டையாக்குங்கள். அடைந்த லைனர் வாயை ஊசி முனையால் வட்டமாகத் திறந்துவிடுங்கள்.
– எண்ட் கேப் (அவுட்டரின் முனை மூடி) அடி வரை உட்கார வேண்டும். கியர் அவுட்டருக்குள் இருப்பது நீளவாக்கில் ஓடும் எஃகு இழைகள். முகம் கோணலாக இருந்தால் ஓரிரு இழை கேப்பைக் குத்திக்கொண்டு வெளியே வரும், ஒவ்வொரு நாளும் இன்டெக்சிங் (ஒரு கிளிக்குக்கு ஒரு பல் என்ற ஒழுங்கு) கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

4 மி.மீ. கியர் அவுட்டர்தானா என்றும் பாருங்கள். பிரேக் அவுட்டர் 5 மி.மீ., சுருள் கம்பி. அதைக் கியருக்குப் போட்டால் வளையும்போதும் அழுத்தும்போதும் நீளம் மாறும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுவது அதைவிட மோசம்: பலமாகப் பிடிக்கும்போது இழைகள் பிதுங்கிப் பிரேக்கே போய்விடும். எந்த அவசரத்திலும் செய்யக் கூடாதது.

மேட்டுத்தெரு பதில்:

சில சேர்க்கைகள்.

ஹூட்டைச் சுருட்டி ஷிஃப்டருக்குள் பாருங்கள். கம்பியின் தலைக்கு அருகே ஒரு இழை விட்டிருந்தாலும் அதுவும் இறக்கத்தைப் பிடிக்கும். அப்படியே விட்டால் ஒருநாள் தலை மட்டும் உள்ளே சிக்கிக் கம்பி அறும், எடுப்பது பெரும்பாடு. இன்னரை மாற்றும் முன் லீவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டி சிறிய பல் நிலைக்குக் கொண்டுவாருங்கள், அப்போதுதான் தலை வெளிவரும் ஓட்டை நேராக நிற்கும். இன்னர் 1.2 மி.மீ. ஷிமானோ தலை, கம்பாக்னோலோ தலை சிறியது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

பின் அவுட்டர் நலம் என்றீர்கள், ஆனாலும் நீளத்தை அளந்துவிடுங்கள். ஆர்7000 டீரெய்லருக்கு ஷிமானோ தனியாகத் தருவது 240 மி.மீ. ஓ.டி.-ஆர்.எஸ்.900 அவுட்டர், வழக்கமான எஸ்.பி.41 அவுட்டரை விட நன்றாக வளையும். ஃபிரேமைப் பொறுத்து கொஞ்சம் மாறும். டீரெய்லரை முழு உள்பக்கமும் முழு வெளிப்பக்கமும் தள்ளிப் பார்க்கும்போது முனை இழுபடக் கூடாது, வளைவு பெருத்து வெளியே துருத்தவும் கூடாது.

அவுட்டருக்குள் செயின் ஆயில் விடாதீர்கள். புது அவுட்டர் உள்ளே கிரீஸோடுதான் வருகிறது. ஆயில் கொஞ்ச நாளில் கெட்டியாகி, தூசி சேர்ந்து மறுபடி அதே கதைதான். பிறகு, கம்பியை டீரெய்லரின் போல்ட்டில் மாட்டும்போது வாஷரில் அதற்கென இருக்கும் காடியில் உட்கார வையுங்கள். போல்ட்டின் தவறான பக்கம் போனால் நெம்புகோல் நீளம் மாறி, நடுப் பல்லில் சரியாக இருப்பது இரு ஓரத்திலும் தவறும். முறுக்கம் 6–7 நியூட்டன் மீட்டர்.

மாட்டி முடித்ததும் செயின்ஸ்டே கம்பியைப் பத்துத் தடவை பலமாக இழுத்துவிட்டு, தளர்ந்ததை மறுபடி இறுக்குங்கள். கம்பி நீண்டுவிட்டது என்பார்கள். நீள்வது கம்பியல்ல, கேப்புகள் தத்தம் இடத்தில் உட்காருவதுதான். அந்த வேலையை ஸ்டாண்டிலேயே முடித்துவிட்டால் சாலையில் தொல்லை இல்லை.

நெடுஞ்சாலைக்காற்று:

வலது இன்னரை உருவி, சாய்த்து வைத்து லைனர் விட்டேன். மூன்றாவது தடவைதான் இடது கம்பி ஆடாமல் வந்தது. அவுட்டர் 20 மி.மீ. நீளம் கூட்டினேன், கைடு புதுசு. 30-இலிருந்து 11 வரை ஒவ்வொரு தட்டுக்கும் உடனே இறங்குகிறது, பாரைத் திருப்பினாலும் அசைவில்லை. ஒன்று மட்டும்: முன் டீரெய்லர் தட்டுவதற்கு முன்பை விட இலேசாகிவிட்டது, பெரிய வளையத்தில் இருக்கும்போது செயின் கூண்டில் லேசாக உரசுகிறது. அந்தக் கம்பியைத் தொடவே இல்லையே?

சரிவுப்பாதை பதில்:

முறுக்கு அவிழ்ந்ததும் இடது கம்பியின் வழி நேராகி ஒரு நூலளவு தளர்ந்திருக்கிறது. உங்கள் முன் டீரெய்லரான எஃப்.டி.-ஆர்7000-இல் அதற்கான திருகு டீரெய்லரிலேயே இருக்கிறது, 2 மி.மீ. ஆலன் கீ. கம்பியை அவிழ்க்க வேண்டாம். செயினைப் பெரிய வளையத்தில் வைத்து, இடது லீவரை ஒரே ஒரு டிரிம் (வளையம் மாறாத சின்னத் தட்டு) இறக்குங்கள். டீரெய்லரின் இணைப்பில் இரண்டு சிறிய கோடுகள் தெரியும். அவை ஒரே நேராக வரும் வரை திருகுங்கள்.