பந்தயத்தில் ஓடிய குதிரையை டிரஸ்ஸாஜுக்குப் பழக்குவது: தலையைக் கயிறு கட்டி இறக்கலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் இருந்து ஒரு தாய்

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அணி டிரஸ்ஸாஜில், அதாவது குதிரையை ஒழுங்கான அசைவுகளில் நடத்திக்காட்டும் போட்டியில், தங்கம் வாங்கியதைப் பார்த்ததில் இருந்து அவளுக்கு அந்த விளையாட்டின் மேல்தான் நினைப்பு. உறவினர் ஒருவர் மூலமாக, பந்தயத்தில் ஓடி ஓய்வு கொடுக்கப்பட்ட ஏழு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. கொட்டகையில் நல்ல குணமாக நிற்கிறது, யாரையும் கடிக்காது, உதைக்காது.

ஏறி உட்கார்ந்தால்தான் பிரச்சினை. லகானைப் பிடித்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு வேகமெடுக்கிறது. இழுத்தால் இன்னும் வேகம். இடது பக்கம் ஓரளவு வட்டம் வருகிறது, வலது பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. வண்டிக் குதிரை பழக்கும் ஒருவர் வந்து பார்த்தார். கடிவாளத்தில் இருந்து வயிற்று வாருக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, தலையை மார்போடு இறக்கித் தினம் ஒரு மணி நேரம் நிறுத்தினால் கழுத்து தானாக வளைந்துவிடும் என்கிறார். போட்டியில் பார்த்த குதிரைகளின் கழுத்தெல்லாம் புரவி எடுப்புக்குத் தூக்கிப் போகிற மண்குதிரையின் கழுத்தாக வளைந்திருக்கிறதே, நம்முடையது மட்டும் ஏன் இப்படி என்று மகளும் கேட்கிறாள். எனக்கு அந்தக் கயிறு மனதுக்கு ஒப்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது, செம்மண் சரளைத் தரை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரிசால்தார், ஓய்வு, தேவகோட்டை

கயிறு வேண்டாம், தங்கச்சி. மற்றதெல்லாம் அப்புறம்.

மீரட்டில் ராணுவத்தின் குதிரை, கால்நடைப் பிரிவான ஆர்விசியின் மையத்தில் குதிரை பழக்கக் கற்று, பணிக்காலம் முழுக்க அதையே செய்தவன் நான். பந்தயத்தை விட்டு வந்த குதிரைகள் நிறைய என் கையில் பழகியிருக்கின்றன. உங்கள் குதிரை முரண்டு பிடிக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறது. பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். வாயில் அழுத்தம் வந்தால் ஓட வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரிந்த பாடம். உங்கள் மகள் நிறுத்தச் சொல்லி இழுக்கிறாள், அது ஓடச் சொல்கிறாள் என்று புரிந்துகொள்கிறது. காலும் அப்படித்தான். ஜாக்கி ஸ்டிரப்பை, அதாவது சேணத்தில் தொங்கும் கால்மிதி வளையத்தை, குட்டையாக வைத்து மேலே குந்தியிருப்பார். விலாவில் ஒரு கால் நீளமாக இறங்கி மெல்ல அழுத்துவது இதற்குப் புதுச் செய்தி. ஆக, புதிதாக ஒரு பாஷை சொல்லிக்கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டிப்போட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கழுத்துக்கு வருகிறேன். புரவி செய்கிற வேளார் கழுத்தைக் கையால் வளைக்கிறார், மண்ணுக்கு அது சரி. உயிருள்ள குதிரையில் வளைவு பின்னால் இருந்து வர வேண்டும். பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் நன்றாக வந்து ஊன்றி, முதுகு எழும்பி நின்றால், கழுத்து தானே உயர்ந்து வளையும். அப்போது இரண்டு காதுகளுக்கு நடுவில் இருக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்கும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும். கயிற்றால் இறக்கினால் கழுத்து நடுவில் ஒடிந்து மடியும், மோவாய் மார்பை நோக்கிப் போகும், முதுகு பள்ளமாகும், பின்னங்கால் பின்தங்கும். மூச்சுக்கும் இடைஞ்சல். இதெல்லாம் போக, கடிவாளத்தைத் தொடாமல் ஒளிந்துகொள்ளவும் குதிரை கற்றுக்கொள்ளும். தலை தூக்கும் குதிரையைச் சரிசெய்துவிடலாம். ஒளியக் கற்ற குதிரையைத் திரும்ப நம்ப வைப்பது ரொம்பக் கஷ்டம். கழுத்தை வலுக்கட்டாயமாக மடக்கிச் சவாரி செய்வதை ஏற்க முடியாது என்று, உலகப் போட்டிகளை நடத்தும் எஃப்இஐ 2010இலேயே சொல்லிவிட்டது.

ஜெர்மானியர்கள் வகுத்த ஆறு படிகள் இருக்கின்றன. தாளம், தளர்வு, கடிவாளத்தோடு தொடர்பு, உந்துதல், நேராக நடப்பது, கடைசியாகப் பின்னங்காலில் பாரம் ஏந்துவது. உங்கள் மகள் ஆசைப்படும் கழுத்து அந்த ஆறாவது படியில் இருக்கிறது. அவள் நிற்பது முதல் படியில். அதில் ஒரு குறைவும் இல்லை. போட்டிகளிலும் தொடக்க நிலையில் நடை, ட்ராட் எனும் துள்ளுநடை, பெரிய வட்டம், ஒழுங்காக நிறுத்துவது, இவ்வளவுதான் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கடைசியில் சதவீதமாக்குவார்கள்.

தாளத்துக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. குதிரையின் நடை நாலு அடி, 'தகதிமி'. ட்ராட் இரண்டு, 'தக'. கேன்டர் எனும் நிதானமான பாய்ச்சல் மூன்று, 'தகிட', அதற்குப் பிறகு ஒரு கணம் நாலு காலும் தரையில் இருக்காது. மகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சவாரி செய்யச் சொல்லுங்கள். சொல் வேகமெடுத்தால் குதிரை வேகமெடுத்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். இன்னொரு லாபம், வாய்விட்டுச் சொல்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு இறுகி உட்கார முடியாது. பயந்த பிள்ளைகள் மூச்சை நிறுத்திவிடுவார்கள், முதுகு விறைக்கும், குதிரை அதை உடனே படித்துவிடும்.

மனையில் 20க்கு 40 மீட்டர் அளந்து கொள்ளுங்கள். சிறிய டிரஸ்ஸாஜ் மைதானத்தின் அளவு அதுதான், பெரியது 20க்கு 60. அதற்குள் இரண்டு 20 மீட்டர் வட்டங்கள் நடுவில் தொட்டுக்கொண்டு சரியாக அடங்கும். நடுக்கோட்டில், குறுகிய பக்கத்தில் இருந்து 10 மீட்டரில் ஒரு முளை அடித்து, 10 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றிவந்து சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுங்கள். கயிற்றுக்கு இந்த வீட்டில் அது ஒன்றுதான் வேலை. சுண்ணாம்புக் கோடு இல்லாவிட்டால் எல்லோருடைய வட்டமும் முட்டையாகத்தான் வரும். சரளையில் பெரிய கல்லைப் பொறுக்கிவிட்டு மேலே மணல் பரப்புங்கள், இரண்டு மூன்று அங்குலம் போதும். ஆழமான மணலில் காலின் தசைநாண் இழுபடும், பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு அது பலவீனமான இடம். இடம் கிடைக்கிறதே என்று வற்றிய கண்மாய்க்குள் ஓட்ட வேண்டாம், வெடிப்பில் குளம்பு மாட்டும்.

வேகத்தைக் குறைப்பது வட்டத்தின் வேலை, லகானின் வேலை இல்லை. முதல் பத்து நிமிடம் லகானை நீளமாக விட்டு நடை மட்டும். அப்புறம் ட்ராட், மகள் எழுந்து எழுந்து உட்காரும் முறையில். குதிரை விரைந்தால் அவள் எழுந்து உட்காருவதை மெதுவாக்கட்டும், வட்டத்திலேயே இருக்கட்டும். குதிரை அவளுடைய தாளத்துக்கு இறங்கி வரும், உடனே வராது, ஆனால் வரும். அது வரும்வரை காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி. லகானில் கேட்க வேண்டும் என்றால் ஆழமாக உட்கார்ந்து விரல்களை மூடினால் போதும், முழங்கை பின்னால் வரக் கூடாது. குதிரை ஒரு துளி இளகினாலும் அந்த நொடியே விரலைத் திறக்க வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் வரும்போது இல்லை, அழுத்தம் போகும்போது. திறப்பது தாமதமானால் எதற்காகத் திறந்தாள் என்று அதற்குத் தெரியாது. கேட்டது கிடைத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால், இளகியதும் வீண் என்று நினைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை உங்கள் மகள் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

தளர்வு வந்ததா என்று பார்க்க, ட்ராட்டில் வட்டத்திலேயே லகானைக் கொஞ்சம் கொஞ்சமாக நீளவிடச் சொல்லுங்கள். குதிரை வேகமெடுக்காமல் கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டி, வாயை மென்றுகொண்டே லகானை வாங்கிக்கொள்ள வேண்டும். மூக்கால் புர்ரென்று ஊதும், வால் தளர்ந்து ஆடும். அந்தக் குதிரையின் முதுகு உங்களுக்குத் திறந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு இறங்கிவிடுங்கள், நேரம் மிச்சம் இருந்தாலும்.

மொத்தம் முப்பது நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சித்திரை வைகாசியில் விடியற்காலையே முடித்துவிடுங்கள்.

பதில்: கால்நடை மருத்துவர், புதுக்கோட்டை

ரிசால்தார் ஐயா சொன்னதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆச்சி. தலையைத் தூக்குவதும் ஒரு பக்கம் திரும்ப மறுப்பதும் வலியாலும் வரும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், அதை அராவிவிட வேண்டும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் முளைத்துக் கடிவாள இரும்பு படும் இடத்தில் உறுத்தும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பல் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

சேணத்தைப் போட்டு, முன்பக்கம் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் கை நுழைகிறதா பாருங்கள். மூக்கு வாருக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று அதை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், குதிரை வலியைச் சொல்வதற்கு இருக்கும் ஒரு வழியை அடைப்பது அது.

பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகச் சாதாரணம். கொள்ளும் தவிடும் குறைந்தாலும் பரவாயில்லை, புல் குறையக் கூடாது. 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7 முதல் 9 கிலோ வரை காய்ந்த தீவனக் கணக்கில் வேண்டும், அதையும் பலமுறையாகப் பிரித்துப் போடுங்கள். தரையில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள், மண்ணோடு சேர்த்துத் தின்றால் குடலில் மணல் சேர்ந்து வலி வரும்.

பதில்: சவாரி பழகும் மாணவி, காரைக்குடி

ஆன்ட்டி, உங்கள் மகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் அவளை, லஞ்ச் கயிறு எனும் நீளக் கயிற்றில் சுற்றிவரும் குதிரையின் மேல் உட்கார வையுங்கள். ஒருவர் நடுவில் நின்று குதிரையைச் சுற்றவிட, அவள் ஸ்டிரப்பும் லகானும் இல்லாமல் உட்கார வேண்டும். ஆனால் இந்தக் குதிரையில் வேண்டாம், நிதானமான வயதான குதிரை கிடைத்தால் மட்டும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரைப் பள்ளியிலேயே புதிதாகச் சேர்கிறவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே கோட்டில் வர வேண்டும். உட்காருவது உறுதியானால்தான் லகானைப் பிடித்துத் தொங்குவது நிற்கும். எனக்கு அப்படித்தான் கை அமைதியானது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. கயிறு கட்டுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பல் பார்க்க ஏற்பாடு செய்கிறேன். ஐயா, இரண்டு சந்தேகம். வலது பக்கத்துக்கு என்ன செய்வது? கேன்டர் எடுத்தால் எப்போதும் இடது காலை முன்வைத்தே ஓடுகிறது. மகளோ குதிரைக்கு இப்போதே ஏழு வயதாகிவிட்டது, இனி தேறுமா என்று கவலைப்படுகிறாள்.

பதில்: ரிசால்தார், ஓய்வு, தேவகோட்டை

டாக்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள், நான் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகு.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். கிராண்ட் பிரி எனப்படும் உச்ச நிலைப் போட்டிக்கு எஃப்இஐ விதிப்படி குதிரைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த நிலைக்கு வரவே ஆண்டுகள் ஆகும். வியன்னாவில் ஒரு குதிரையை முழுமையாகப் பழக்க ஆறு ஆண்டு அளவில் எடுத்துக்கொள்கிறார்கள். ஹாங்சோவில் தனிநபர் பிரிவிலும் வெண்கலம் வாங்கி, 2024 பாரிஸ் ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் முதல் இந்தியராகச் சவாரி செய்த அனுஷ் அகர்வாலா, ஜெர்மனியில் தங்கி ஆண்டுக்கணக்கில் பழகியவர். இது அவசரக்காரர்களின் விளையாட்டு இல்லை. மகளுக்கும் பதினைந்து வயதுதானே.

குதிரைகளுக்கு ஒரு பக்கம் இறுகியிருப்பது வழக்கம்தான். வராத பக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்தால் அந்தப் பக்கத்தின் மேல் அதற்கு வெறுப்பு வரும். இடது வட்டத்தில் இரண்டு சுற்று, நடுவில் மாறி வலதில் ஒரு சுற்று, மறுபடி இடது. முதலில் நடையில், பிறகு ட்ராட்டில். வலது வட்டத்தில் வலது லகானை இழுத்துத் திருப்பக் கூடாது. மகளின் வலது கால் வயிற்று வாரின் அருகே அழுத்தட்டும், இடது லகான் தோள் வெளியே சரியாமல் பார்த்துக்கொள்ளட்டும். விலா அந்தக் காலைச் சுற்றி வளைவதை அவளே தொடையில் உணர்வாள்.

கேன்டரை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ட்ராட்டில் வேகமெடுக்காமல் இரண்டு பக்கமும் வட்டம் வந்த பிறகு, வலப்பக்கமாகப் போகும்போது மூலைக்குள் நுழையும் இடத்தில் கேட்கலாம். மூலையில் உடம்பு ஏற்கெனவே வலது பக்கம் வளைந்திருக்கும், குதிரையின் வலது கால் முன்வருவது அங்கே சுலபம். மகளின் இடது கால் சற்றுப் பின்னால், வலது கால் தன் இடத்தில், கை அமைதி. தவறான காலில் எடுத்தால் திட்டவும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். ட்ராட்டுக்கு வந்து, 'தக' நிதானமாகும்வரை ஒரு சுற்று போய், அடுத்த மூலையில் மறுபடி கேளுங்கள். சரியாக இரண்டு மூன்று தப்படி கிடைத்தாலே நடைக்கு இறக்கி, லகானை நீளவிட்டு, கழுத்தில் தட்டிக்கொடுக்கட்டும்.

பல் பார்த்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். இப்போது போடும் கடிவாள இரும்பு எந்த வகை, எவ்வளவு தடிப்பு என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். மாற்ற வேண்டுமா என்று அப்புறம் பேசலாம்.