மாஸ்டர்ஸ் கோல்ஃப்: ஆறு பேரைத் தெரிய உதவுங்கள்

உறவுகளே, கல்லடியில் நாங்கள் கூட்டாளிமார் காசு கட்டாமல் ஃபேன்டசி கோல்ஃப் (ஒரு பட்ஜெட்டுக்குள் நிஜ ஆட்டக்காரர் ஆறு பேரைத் தெரிந்து, அவர்களின் ஆட்டத்துக்குப் புள்ளி எடுப்பது) விளையாடுகிறோம். அடுத்தது அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி. ஷெஃப்லரை (2022, 2024 சம்பியன்) எடுத்தால் பட்ஜெட்டில் பெரும்பங்கு போய்விடும். மிச்ச ஐந்தும் மலிவு ஆட்கள்தான். 2025இல் வென்ற மெக்கில்ராய் பரவாயில்லையா?

இரண்டு சுற்று முடிய முதல் 50 இடங்களும் அவற்றோடு சமநிலையில் நிற்பவர்களும் மட்டும் மிஞ்சுவார்கள். வெட்டுப்பட்டவரால் அப்புறம் புள்ளியே வராது. அதனால் புதுமுகம் வேண்டாம் என்கிறேன்: 1979இல் வென்ற ஸெல்லருக்குப் பிறகு, 2025 வரை, முதல் தடவை வந்த எவரும் வென்றதில்லை. மச்சான் கேட்கிறான் இல்லை.

12ஆம் குழி வெறும் 155 யார் தூரம்தான், ஆனால் முன்னால் ஓடை, மேலே சுழல்காற்று. 13, 15ஆம் குழிகளில் பேர்டி (குறித்த அடிகளை விட ஒன்று குறைவு) அடிக்கக்கூடிய மலிவான ஆட்கள் யார்? விளங்கினவர்கள் சொல்லுங்கோ. போட்டி நமக்குப் பின்னேரம்தான் தொடங்கும், அன்று மத்தியானம் வரை ஆளை மாற்றலாம்.