இந்தியாவுக்கு அனுப்பிய மிளகு துறைமுகத்தில் நிற்கிறது: தோற்றச் சான்றிதழில் என்ன பிழை?

ரத்தோட்டைக்காரன்

வணக்கம். மாத்தளைப் பக்கம் சின்ன அளவில் மிளகு சேர்த்து விற்கிறவன் நான். இவ்வளவு காலமும் கொழும்பு வியாபாரியிடம் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டு வந்தேன். இந்த முறை நேரடியாக அனுப்பிப் பார்ப்போமே என்று தமிழ்நாட்டு வாங்குநர் ஒருவருக்கு 4 தொன் அனுப்பினேன். பதினொரு நாளாக அங்கே துறைமுகக் கிடங்கில் கிடக்கிறது.

இந்தோ-லங்கா வர்த்தக ஒப்பந்தப்படி இறக்குமதித் தீர்வை இல்லை என்று நம்பித்தான் விலை பேசினோம். இப்போது 70 வீதம் கட்டு, இல்லையென்றால் மிளகு இலங்கையில்தான் விளைந்தது என்று காட்டு என்கிறார்களாம். எந்த நாட்டில் விளைந்தது என்று சொல்லும் தோற்றச் சான்றிதழ் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. பிறகு எதைக் காட்டுவது? ஏற்றிக் கொடுத்த முகவர் போனை எடுத்து "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

முதல் நாள் அவர் "சாஃப்டாவா?" என்று கேட்டபோது, சாப்பிட்டீர்களா என்கிறார் என்று நினைத்து "இன்னும் இல்லை" என்று பதில் சொன்னவன் நான். என் அறிவு அவ்வளவுதான். யாராவது விளங்கப்படுத்துங்கள்.

கம்பளை மாஸ்டர்

தம்பி, சாஃப்டா வேறு, இந்தோ-லங்கா எப்டிஏ வேறு. எப்டிஏ, அதாவது நீங்கள் சொன்ன சுதந்திர வர்த்தக ஒப்பந்தம், நமக்கும் இந்தியாவுக்கும் மட்டும். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. சாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தம் தெற்காசியாவின் சார்க் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொது. அது 2006இல் தொடங்கியது. மிளகுக்கு எப்டிஏ வழியில் தீர்வை இல்லை, ஆனால் ஆண்டுக்கு 2500 தொன் வரைதான். அதற்கு மேல் போனால் சாஃப்டா வழியில் 8 வீதம். எதுவும் இல்லாமல் போனால்தான் அந்த 70.

உங்கள் சான்றிதழ் எந்த ஒப்பந்தத்தின் பெயரில் இருக்கிறது, தோற்ற அளவுகோல் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, இன்வொய்ஸில் என்ன விலை? இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். ஊகித்துப் பேசி வேலை இல்லை.

ரத்தோட்டைக்காரன்

மாஸ்டர், எப்டிஏ என்றுதான் இருக்கிறது. விலை, கப்பல் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ இந்திய ரூபாவில் 640. அந்தக் கட்டத்தில் "உள்நாட்டுப் பெறுமதி சேர்ப்பு 35 வீதம்" என்ற கருத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறது. முகவர் நிரப்பினார், நான் கையெழுத்து வைத்தேன்.

தூத்துக்குடி கிளியரிங்

அண்ணாச்சி, உங்க பிரச்சினை அந்தக் கட்டத்துலதான் இருக்கு. விலை சரியாத்தான் இருக்கு. கிலோ 500 ரூபாய்க்குக் குறைஞ்சா மிளகு உள்ளேயே வராது. 2017 டிசம்பரில் போட்ட குறைந்தபட்ச இறக்குமதி விலை அது.

கொடியில் பறிச்சு, காயவெச்சு, சாக்கில் கட்டின மிளகு "முழுக்க அந்த நாட்டிலேயே விளைந்தது" என்ற வகையில் வரணும். உங்க ஏஜென்ட் போட்டிருக்கிற 35 சதவீதம், வெளிநாட்டுச் சரக்கை வாங்கி அங்கே வேலை செஞ்சு அனுப்புகிறவர்களுக்கு. அதைப் படிக்கிற சுங்க அதிகாரி என்ன நினைப்பார்? மிளகில் 65 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டாரா? அவர் மனசில் உடனே வியட்நாம் வந்து நிற்கும். தென்கிழக்காசிய நாடுகளோட போட்ட ஆசியான் ஒப்பந்தத்தில் வியட்நாம் மிளகுக்கு இங்கே சுமார் 50 சதவீதம் டூட்டி, இலங்கை மிளகுக்குச் சுழியம். இந்த இடைவெளிக்காகவே கொழும்பு வழியாகச் சுற்றி வந்த சரக்கு கொஞ்சநஞ்சமில்லை.

கம்பளை மாஸ்டர்

உண்மை. மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதை நமது அரசே 2017 டிசம்பரில் தடை செய்தது அதனால்தான். பெரிய கைகள் விளையாடியதற்கு 4 தொன்காரன் பதில் சொல்கிறான்.

பண்டாரவளை அக்கா

நாங்கள் மசாலாத் தேயிலைப் பொதி செய்கிறோம். ஏலக்காய் இந்தியாவிலிருந்து வருகிறது. அந்த 35 வீதக் கட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு. இந்தியப் பொருளைப் போட்டால் அதையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் இங்கே சேர்ந்த பெறுமதி 25 வீதமாவது இருக்க வேண்டும், இரண்டும் கூடி 35 வர வேண்டும். முகவர் எங்களைப் போன்ற ஒருவரின் பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரத்தோட்டைக்காரன்

அப்படியென்றால் பேனையால் வெட்டித் திருத்தி அனுப்பலாமா?

தூத்துக்குடி கிளியரிங்

ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க! கொடுத்த அலுவலகமே உறுதிப்படுத்தாத திருத்தம் இருந்தால், விசாரணைகூட இல்லாமல் சலுகையை மறுக்கலாம். 2020 செப்டம்பர் 21 முதல் இங்கே அப்படி விதி. கேரோட்டார் என்று சொல்வோம். முன்னே சான்றிதழைக் கொடுத்தால் முடிஞ்சது. இப்போ இறக்குமதி பண்றவரே சரக்கு எங்கே, எப்படி விளைஞ்சது என்ற விவரத்தைக் கையில் வெச்சிருக்கணும். சுங்கம் கேட்டால் பத்து வேலை நாளில் கொடுக்கணும். உங்க வாங்குநருக்கு எத்தனை நாள் மிச்சம் என்று இன்றைக்கே கேளுங்க.

அதோடு, விசாரணை முடியும்வரை டூட்டி வித்தியாசத்துக்குப் பேங்க் கேரண்டி கொடுத்துச் சரக்கை வெளியே எடுக்க வழி இருக்கு. கிடங்கு வாடகை ஏறுதே, அதைப் பாருங்க.

கம்பளை மாஸ்டர்

சான்றிதழ் கொடுப்பது கொழும்பு வர்த்தகத் திணைக்களம். முகவரை நம்பாமல் நீங்களே போங்கள். பழைய பிரதி, இன்வொய்ஸ், கப்பல் பத்திரம், பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள். மிளகு யாரிடம் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது?

ரத்தோட்டைக்காரன்

பில் ஒன்றும் இல்லை மாஸ்டர். அறுபது எழுபது வீட்டில் வாங்கியது. கிளிரிசீடியா மரத்தில் ஏற்றிய நாலு கொடி, தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஆறு கொடி, அப்படித்தான். ஒரு வீட்டில் 7 கிலோ, இன்னொரு வீட்டில் 22. சீ.ஆர். கொப்பி ஒன்றில் பெயர், திகதி, எடை, காசு எழுதி வைத்திருக்கிறேன். சில பக்கத்தில் தேத்தண்ணீர் ஊற்றியிருக்கிறது. மழையில் படங்கு இழுத்த நாளில் எழுதியது எனக்கே வாசிக்க முடியவில்லை.

பண்டாரவளை அக்கா

அந்தக் கொப்பிதான் உங்களுக்குத் தங்கம். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். பெரிய அளவில் கொடுத்த பத்துப் பேரிடமாவது கையொப்பத்தோடு கடிதம் வாங்கி, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்துங்கள்.

லயத்துப் பையன்

எங்கே பிறந்தாய், அதற்குக் கடதாசி எங்கே என்பது நம் ஆட்களுக்குப் பழகின கேள்விதானே. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தாத்தாவிடம் கேட்டார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யார் இங்கே, யார் அங்கே என்று தலைகளைப் பிரித்தார்கள். இப்போது மிளகிடம் கேட்கிறார்கள்.

அது கிடக்கட்டும், சார்க் என்று ஒன்று இருக்கிறதே, அதனால் இதற்கெல்லாம் பலன் இல்லையா?

கம்பளை மாஸ்டர்

2014 காத்மண்டு மாநாட்டுக்குப் பிறகு தலைவர்கள் ஒன்றாகக் கூடவே இல்லை தம்பி. இந்த நாடுகளின் மொத்த வியாபாரத்தில் தங்களுக்குள் செய்வது ஏறக்குறைய 5 வீதம்தான். ஆனால் மாநாடு நின்றாலும் சாஃப்டா நிற்கவில்லை, அந்த 8 வீதக் கதவு திறந்துதான் இருக்கிறது. எப்டிஏயின் அந்த 2500 தொன் கோட்டா முடிந்துவிட்டால் வாங்குநர் அதைப் பயன்படுத்தலாம். அதற்குச் சான்றிதழும் சாஃப்டா பெயரில் இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்க முடியாது.

ரத்தோட்டைக்காரன் (மூன்று வாரத்துக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. கொழும்புக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் கப்பல் பத்திரத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பினேன், அந்தக் கதை வேண்டாம். பழையதை ஒப்படைத்து, "முழுக்க இங்கே விளைந்தது" என்று புதிய சான்றிதழ் வாங்கினேன். வாங்குநர் கேரண்டி கட்டிச் சரக்கை எடுத்துவிட்டார். விசாரணைப் பதில் இங்கிருந்து போக 60 நாள் வரை ஆகலாமாம், அதுவரை அவர் காசு மாட்டிக்கொண்டு இருக்கும். கிடங்கு வாடகையில் பாதி என் தலையில். இந்த முறை லாபம் இல்லை, கொழும்பு வியாபாரியிடமே கொடுத்திருக்கலாம் என்று வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்கிறார்கள்.

ஆனாலும் அடுத்த முறைக்கும் கேட்டிருக்கிறார். காபன் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டு வாங்கிவிட்டேன். மேல் லயத்துப் பாட்டி 5 கிலோவுக்குக் கைநாட்டு வைத்துவிட்டு, "மிளகுக்கும் பதிவா?" என்று சிரித்தது.

இன்னொரு சந்தேகம். சாக்கில் ஊர்ப் பெயரும் லொட் இலக்கமும் எழுதலாம் என்று நினைக்கிறேன். போன முறை எழுதிய மை சணலில் பரவி ஒன்றும் தெரியவில்லை. நீங்களெல்லாம் என்ன மை பாவிக்கிறீர்கள்?

பண்டாரவளை அக்கா

மையை விடுங்கள். துணித் துண்டில் எழுதி வாயோடு சேர்த்துத் தையுங்கள்.