கிரீஸ் நிப்பிள்: காம்பா, குமிழா, வாயா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வாகனங்களின் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும் பணியில் ‘கிரீஸ் நிப்பிள்’ என்ற இடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். மூட்டுகளுக்குள் கிரீஸைச் செலுத்துவதற்கென்று பொருத்தியிருக்கும் சிறு உறுப்பு அது. இதுவரை உயவுமுனை, மசகுக்காம்பு, மசகுக்குமிழ் ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றை வாகனத்தின் அடியில் படுத்து வேலை செய்பவரின் இடத்திலிருந்து எண்ணிப் பார்த்த பிறகு, நான்காவதாக ‘மசகுவாய்’ என்பதை முன்மொழிகிறேன்.

முதலில் உயவா, மசகா என்பதைத் தீர்த்துக்கொள்வோம். பாடநூல்களில் உயவு என்பது உராய்வைக் குறைக்கும் செயல் முழுவதற்குமான பெயராக நிலைத்துவிட்டது; எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயும் உயவுப்பொருள்தான். ஆனால் நாம் பெயர் தேடும் உறுப்பின் வழியே செல்வது ஓடாமல் ஒட்டி நிற்கும் கிரீஸ். வண்டி அச்சுக்கு இட்ட மையைக் குறித்த மசகு என்ற சொல் அதற்கு நேராகப் பொருந்துகிறது. இலங்கைத் தமிழ் இதழ்களில் ‘மசகு எண்ணெய்’ என்றால் கச்சா எண்ணெய் என்று ஒரு நண்பர் நினைவூட்டியது சரியே. எண்ணெய் என்ற சொல்லைச் சேர்க்காமல் மசகு என்று மட்டும் ஆள்வோமானால் அந்தக் குழப்பம் எழாது.

காம்பு என்பது மூலச்சொல்லின் நேர்ப்பொருள். அதுவே அதன் குறை என்று கருதுகிறேன். தமிழில் காம்பிலிருந்து பால் வெளியே வரும். நாம் பேசும் உறுப்போ வெளியிலிருந்து கொடுப்பதை உள்ளே வாங்கிக்கொள்வது. அதன் தலைக்குள் ஒரு சிறிய எஃகுக் குண்டும், அதைத் தாங்கும் சுருள்வில்லும் இருக்கின்றன. அழுத்தத்தோடு வரும் கிரீஸ் குண்டைப் பின்னுக்குத் தள்ளி உள்ளே போகிறது. அழுத்தம் நின்றதும் வில் குண்டை மீண்டும் துளைவாயில் பொருத்தி, போனது திரும்பாமலும் அழுக்கு நுழையாமலும் காக்கிறது. இந்த ஒருவழித் தன்மைதான் அதன் உயிர். ஆங்கிலம் பேசும் பட்டறைகளில் இதை ‘ஸெர்க்’ என்றும் அழைப்பதால் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தும் வந்தது. அது 1929இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பாளர் ஆஸ்கர் ஸெர்க்கின் பெயர். அவருக்குரிய மதிப்பை அடிக்குறிப்பில் தரலாம், ஆனால் புதிதாகக் கற்பவருக்கு அந்தப் பெயர் எதையும் உணர்த்தாது.

மசகுக்குமிழ் என்பதை நான் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. மேல் பந்துமூட்டுக்கு (பால் ஜாயிண்ட்) கிரீஸ் அடிக்கும்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நிப்பிள் சட்டகத்தை நோக்கித் திரும்பியிருந்தது. முகத்தை எப்படிச் சாய்த்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரத்தை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, சஸ்பென்ஷனின் மேல் கைக்கும் (அப்பர் ஆர்ம்) ஸ்பிரிங்குக்கும் இடையே கையை நுழைத்து, காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டியபோது, பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு வழுவழுப்பான உருண்டை விரல்நுனியில் தட்டுப்பட்டது. அந்தக் கணத்தில் அது குமிழ்தான். வேறு பெயர் தோன்றவே தோன்றாது. ஆயினும் குமிழ் என்றால் திருகுவதற்கும் பிடித்து இழுப்பதற்கும் உரிய ஒன்று என்ற பழக்கம் நம் கையில் ஊறியிருக்கிறது. எட்டாத இடத்தில், மரை துருப்பிடித்திருக்கும் ஓர் உறுப்பைத் திருகத் தூண்டும் பெயர் நல்லதன்று. ஆகவே அதன் தலைப்பகுதியைக் குமிழ் என்றும், அதற்குக் கீழே ஒடுங்கியிருப்பதைக் கழுத்து என்றும் சொல்லி, முழு உறுப்புக்கு மசகுவாய் என்ற பெயரைத் தரலாம்.

வாய் என்பது வெளியேறும் வழியையும் குறிக்குமே என்று கேட்கலாம். குறிக்கும், ஆனால் கெண்டியைப் பாருங்கள்: நீரை ஊற்றிக்கொள்வது வாய் வழியே, வெளியே வார்ப்பது மூக்கு வழியே. ஊட்டுவதை வாங்கி விழுங்குவது என்ற பொருள் அதற்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. வாய் அமைந்துவிட்டால் குடும்பச் சொற்களும் தாமாக வந்து சேர்கின்றன. கிரீஸைச் செலுத்தும் கருவியின் (கிரீஸ் கன்) முனையில் இருந்து கழுத்தைப் பற்றும் ‘கப்ளர்’ கவ்வி ஆகிறது. நேராக நுழைய முடியாத இடங்களில் திருகும் 45, 90 பாகை வளைவுள்ளவை கோண மசகுவாய்கள். பரப்போடு பரப்பாகப் பதிந்து, கவ்வி பற்றுவதற்குத் தலையே இல்லாதது பதிவாய். அதற்குப் பயன்படும் கூர்முனைக் குழல் ஊசிமுனை.

கிரீஸ் கன் என்பதற்கு ‘மசகுத் துப்பாக்கி’ வேண்டாம். நம்மிடம் பீச்சாங்குழல் இருக்கிறது, ஆகவே மசகுப்பீச்சி. சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தம் தரும் கருவிக்கு இந்தப் பெயர் மிக மென்மையானது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. தோலைத் துளைத்து கிரீஸ் உள்ளே சென்றால் வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. அந்த எச்சரிக்கையைப் பெயரின் தலையில் சுமத்தாமல் முழு வாக்கியமாகவே எழுதிவிட வேண்டும்.

வினைச்சொல்லில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். பழைய வரைவில் ‘நிப்பிளில் மசகு பூசவும்’ என்று இருந்தது. அதைப் படித்த ஒரு மாணவர் நிப்பிளின் மேல் கிரீஸைத் தடவி வைத்துவிட்டு வந்தார். அவர் செய்தது வாக்கியம் சொன்னபடிதான். காற்றேற்றுகிறோம், மின்னேற்றுகிறோம், குருதியேற்றுகிறோம், அவ்வாறே மசகேற்றுதல். பேரிங்கைக் கையால் நிரப்பும் இடத்துக்கு மட்டும் அடைத்தல் என்பதை வைத்துக்கொள்ளலாம். பந்துமூட்டு, இணைப்புத்தண்டு முனை (டை ராட் எண்ட்) ஆகியவற்றின் ரப்பர் உறை மெல்ல உப்பும்போது நிறுத்துவதற்கும் ஏற்றுதல் என்ற வினையே இசைகிறது.

இச்சொற்களைக் கொண்டு ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“மசகுவாயின் குமிழைத் துணியால் துடைத்த பிறகே கவ்வியைப் பொருத்தவும், துடைக்காவிட்டால் மேலே ஒட்டியுள்ள மணலும் கிரீஸோடு மூட்டுக்குள் செல்லும். கவ்வி நேராக அமராவிட்டால் வளையும் குழாயைப் பயன்படுத்தவும். உறை சற்றே உப்பும்வரை மெதுவாக மசகேற்றவும். கவ்வி கழன்று வராவிட்டால் இழுக்காமல் பக்கவாட்டில் சாய்க்கவும். உள்ளே தேங்கிய அழுத்தம் இறங்கியதும் அது விடுபடும். கிரீஸ் உள்ளே போகாமல் கவ்வியின் ஓரமாகப் பிதுங்கினால், முதலில் கவ்வியின் பிடியைச் சரிபார்த்து, பிறகு குண்டு இறுகிய மசகுவாயை மாற்றவும்.”

ஆலையிலிருந்து மசகுவாய் இல்லாமல், துளையை மூடிய திருகோடு வரும் மூட்டுகளுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘அடைதிருகு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டறையில் வேலை செய்யும் உறுப்பினர்கள் மசகுவாய், அடைதிருகு என்ற இரு சொற்களையும் சக பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தயங்கிய இடத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.